ஒரே ஒரு ஆட்டம் தோற்றால் கோச் வேலை போய்விடுமா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பங்காளிச் சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி, சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், மிச்சிகன் அணியிடம் 13-10 என்று தோற்றது. நம் நேரப்படி இரவு பத்தரைக்குத் தொடங்கிய ஆட்டம். முடிந்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் அந்த அணியைப் பல வருடமாகப் பின்தொடர்கிறவன். மறுநாள் காலையிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அந்த கோச்சைத் தூக்கிவிடுவார்களா?" அப்போதிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

நாம் கால்பந்து என்று சொல்வது இது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, எறிந்து, மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அங்கே பல மாநிலங்களில் தொழில்முறை அணியே கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கல்லூரி அணிதான் எல்லாம். கொலம்பஸ் நகரில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், மிச்சிகன் மைதானம் அதையும்விடப் பெரியது. இரண்டும் நிரம்பும். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர், கவர்னரைவிடப் பல மடங்கு வாங்குபவர், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்தான். அந்த அளவுக்குப் பணம் கொடுப்பவர்கள் அந்த அளவுக்குக் கேள்வியும் கேட்பார்கள்.

"ரைவல்ரி" என்கிறார்களே, அது மற்ற ஆட்டங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நம் ஊர் பங்காளிச் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரி எங்கோ தூரத்தில் இருப்பவன் கிடையாது, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவன். ஒஹாயோவும் மிச்சிகனும் 1835-ல் டொலீடோ என்ற ஊரும் அதை ஒட்டிய நிலமும் யாருக்கு என்று எல்லைத் தகராறு செய்து, ஆள் திரட்டிக்கொண்டு நின்ற மாநிலங்கள். டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே வேறொரு பெரிய நிலப்பரப்பு கிடைத்தது. இரண்டு பல்கலைக்கழகங்களும் 1897-ல் முதன்முதலாக மோதின. 1918-லிருந்து வருடம் தவறாமல் ஆடி வந்தார்கள், கொரோனாவால் 2020 ஒன்றுதான் விடுபட்டது.

அந்த ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளைப் பார்க்க வேண்டும். மிச்சிகனின் முதல் எழுத்தான 'எம்' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்துவிடுவார்கள். நூலகம், மருத்துவக் கட்டடம், எதற்கும் விலக்கு இல்லை.

இன்னொன்று, தங்கக் காற்சட்டை. கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஃபுட்பால் வீரர்கள் போடும் பேன்ட் வடிவத்தில், ஒரு சின்னப் பதக்கம். மிச்சிகனை ஜெயித்தால் மட்டும் ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கிடைக்கும். 1934-ல் கோச்சாக வந்த ஃப்ரான்சிஸ் ஷ்மிட், "அவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தானே பேன்ட் போடுகிறார்கள்" என்ற பொருளில் சொன்ன வார்த்தையிலிருந்து வந்த வழக்கம் இது. இந்தப் பதக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

எந்தத் தோல்வியை "அப்செட்" என்பார்கள்?

பந்தயச் சந்தை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்று ஒரு கணிப்பு வைக்கும். அந்தக் கணிப்பில் பின்தங்கிய அணி ஜெயித்தால் அது அப்செட். 2024-ல் ஒஹாயோ ஸ்டேட் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அப்படித் தோற்றால் கோச் வேலை போகுமா?

அந்த ஒரு தோல்வியால் மட்டும் போவது மிகவும் அபூர்வம். நான் பார்த்தவரை தோல்வி முதலில் பறிப்பது கோச்சின் அவகாசத்தை. ஒரு கோச்சுக்கு நிர்வாகமும் நன்கொடையாளர்களும் ரசிகர்களும் மனதுக்குள் ஒரு தவணை கொடுத்து வைத்திருப்பார்கள்: "இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம்", "இந்தப் பையன்கள் தேறட்டும்" என்று. சாதாரணத் தோல்வி அந்தத் தவணையில் கொஞ்சம் கழிக்கும். பங்காளியிடம், அதுவும் எளிதாக ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தில் தோற்றால், மொத்தமும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதற்கு அப்புறம் அவர் பிழைப்பாரா என்பது, தோற்ற பிறகு அந்த சீசனில் ஆட ஏதாவது மிச்சம் இருக்கிறதா, அவரை அனுப்ப எவ்வளவு பணம் ஆகும், இதற்கு முன் எத்தனை முறை இப்படித் தோற்றிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

2024-ல் மைதானத்தில் அப்படி என்னதான் நடந்தது?

மிச்சிகன் அந்த வருடம் 6 வெற்றி 5 தோல்வி என்ற நிலையில் வந்தது. முக்கியமான இரண்டு வீரர்கள் காயத்தால் ஆடவில்லை. பந்தை எறிந்து முன்னேறும் வலுவே அவர்களிடம் கிடையாது, அன்று முழுவதும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எறிந்து எடுத்தது 62 யார்டுதான். ஒஹாயோ ஸ்டேட்டோ 10 வெற்றி 1 தோல்வி, தரவரிசையில் 2-ஆம் இடம். வீரர்களுக்குப் போகும் பணம் மட்டும் வருடத்துக்குச் சுமார் 20 மில்லியன் டாலர் என்று அவர்களின் விளையாட்டுத் துறை இயக்குநரே சொன்ன அணி.

ஒஹாயோ ஸ்டேட்டிடம் பந்தை எறிந்து பிடிக்க நாட்டிலேயே சிறந்த ஆட்கள் இருந்தார்கள். மிச்சிகனிடம் இருந்த ஒரே பெரிய பலம், நடுவில் மலை போல நிற்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசையோ காயங்களால் ஒட்டுப்போட்டு நிறுத்தப்பட்டது. அப்படியானால் பந்தை ஓரங்களுக்கு எறிய வேண்டும், இல்லையா? அவர்கள் திரும்பத் திரும்ப அந்த இரண்டு பேர் நிற்கும் நடுப்பகுதிக்குள்ளேயே ஓடினார்கள். 26 முறை ஓடி எடுத்தது 77 யார்டு. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அதுதான். முந்தைய மூன்று வருடத் தோல்விகளில் "இவர்கள் மென்மையான அணி, முரட்டு ஆட்டம் வராது" என்று பேச்சு வாங்கியிருந்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லக் கிளம்பி, தங்கள் பலத்தை மறந்து, எதிராளியின் பலத்தோடு மோதினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பழைய தோல்வி ஒரு கோச்சின் யோசனைக்குள் எப்படிப் புகுந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் எறிந்த பந்து இரண்டு முறை எதிரணியின் கைக்குப் போனது. இரண்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தவறின, இரண்டுமே 40 யார்டுக்கு உள்ளே. 10-10 என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சிகனின் கலெல் மல்லிங்ஸ் நடுவே பிளந்துகொண்டு 27 யார்டு ஓடினார். 45 வினாடி மிச்சம் இருக்கும்போது டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்தார். 13-10.

அப்புறம் மிச்சிகன் வீரர்கள் மைதானத்தின் நடுவில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேட் சின்னத்தின் மேல் தங்கள் கொடியை நட வந்தார்கள், கைகலப்பு, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். கேமரா அந்தக் கூட்டத்துக்கு நடுவே அசையாமல் நின்ற கோச் ரயன் டேயின் முகத்தைக் காட்டியது. அவரால் நடப்பதை நம்ப முடியவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகும் ரயன் டே எப்படித் தப்பித்தார்?

அவருடைய கணக்கைப் பாருங்கள். அன்றைய தேதியில் தலைமைக் கோச்சாக 66 வெற்றி, 10 தோல்வி. உலகத்தில் எந்த கோச்சுக்கும் பொறாமை வரும் கணக்கு. ஆனால் அந்த 10-ல் 4 மிச்சிகனிடம், அதுவும் 2021-லிருந்து வரிசையாக. ஜெயித்தது 2019-ல் ஒரு முறை மட்டும்.

அவரைக் காப்பாற்றியது நாட்காட்டி. 2024-தான் தேசியக் கோப்பைக்கு 12 அணிகள் கொண்ட பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) முறை வந்த முதல் வருடம். அதற்கு முன் 4 அணிகளுக்குத்தான் இடம். தரவரிசையில் 6-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்ட ஒஹாயோ ஸ்டேட் பழைய முறையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும். புதிய முறையில் உள்ளே நுழைந்தது. மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் ராஸ் பியோர்க் அந்த மூன்று வாரமும் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். அது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும், வீரர்களும் புதிதாகச் சேரப்போகும் பையன்களும் வேறு இடம் தேடியிருப்பார்கள்.

டிசம்பர் 21 அன்று டென்னசியை 42-17. ரோஸ் பவுல் என்ற ஆட்டத்தில் முதலிடத்தில் இருந்த ஒரெகனை 41-21. டெக்சஸை 28-14. 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ரடாமை 34-23 என்று ஜெயித்து தேசியக் கோப்பை. மிச்சிகன் ஆட்டத்தில் ஓரமாக நின்ற பந்து பிடிப்பவர்களுக்கு, இந்த நான்கு ஆட்டத்திலும் பந்து போய்க்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் டேக்கு 2031 வரை புதிய ஒப்பந்தம், வருடத்துக்கு 12.5 மில்லியன் டாலர். நம் கணக்கில் 100 கோடி ரூபாய்க்கு மேல். "நீக்கு" என்று ஊரே கத்தியதற்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவில் சுமார் 70 நாள்தான்.

அவகாசம் கிடைக்காமல் போயிருந்தால்? அப்படி யாராவது இருக்கிறார்களா?

ரிச் ராட்ரிகெஸ். இவர் கதையை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். வெஸ்ட் வர்ஜீனியாவிலேயே ஒரு சின்னச் சுரங்க ஊரில் வளர்ந்தவர், அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர், அங்கேயே கோச்சாகி அணியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர். 2006-ல் அலபாமா மாதிரி பெரிய இடம் கூப்பிட்டும் போகவில்லை.

2007 டிசம்பர் 1. தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போக இன்னும் ஒரே ஒரு வெற்றி. எதிரே ஒன்றேகால் மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் பிட்ஸ்பர்க், 4 வெற்றி 7 தோல்வியோடு. இரண்டு அணிகளும் மோதும் 100-வது ஆட்டம் அது. இதைக் கொல்லைப்புறச் சண்டை என்ற பொருளில் அமெரிக்கர்கள் அழைப்பார்கள், பெயரிலேயே உறவு தெரிகிறது பாருங்கள். கணிப்பு 28.5 புள்ளி வித்தியாசம். குவார்ட்டர்பேக் பேட் ஒயிட்டின் கட்டைவிரல் இடம்பெயர்ந்து அவர் வெளியே போனார். இரண்டு ஃபீல்டு கோல் தவறியது. பிட்ஸ்பர்க்கில் முதல் வருட மாணவரான லஷான் மெக்காய் 148 யார்டு ஓடினார். 13-9. முடிந்தது.

அந்தக் காலத்தில் தேசியப் பட்டத்துக்கு இரண்டே இரண்டு அணிகள்தான் ஆடும். தோற்ற அந்த நிமிடமே கனவு மூடிக்கொண்டது. மூன்று வாரம் கழித்துத் திருத்திக்கொள்ள வழியே கிடையாது. நிர்வாகத்தோடு அவருக்கு ஏற்கெனவே உரசல் இருந்தது, ஜெயித்திருந்தால் அதெல்லாம் மறைந்திருக்கும். இரண்டே வாரத்தில் மிச்சிகனுக்குப் போய்விட்டார். சொந்த மாநிலமே துரோகி என்றது. ஒப்பந்தத்தை முறித்ததற்கு 4 மில்லியன் டாலர் கேட்டுப் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. கடைசியில் மிச்சிகன் 2.5 மில்லியனும் அவர் 1.5 மில்லியனும் கட்டினார்கள். மிச்சிகனில் மூன்று வருடம், 15 வெற்றி 22 தோல்வி, ஒஹாயோ ஸ்டேட்டிடம் மூன்று முறையும் தோல்வி, 2011 ஜனவரியில் நீக்கம்.

இன்னொரு பக்கம், அவர் விட்டுவிட்டுப் போன அணியை இடைக்காலக் கோச்சாகப் பொறுப்பேற்ற பில் ஸ்டீவர்ட், ஃபியஸ்டா பவுல் என்ற சீசன் கடைசிப் பெரிய ஆட்டத்தில் ஒக்லஹோமாவை 48-28 என்று ஜெயித்து அந்த வேலையையே வாங்கிவிட்டார்.

ராட்ரிகெஸ் திரும்பி வந்தது 2024 டிசம்பரில், 17 வருடம் கழித்து, அதே வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு. 2025 செப்டம்பரில், 2007-ல் தோற்ற அதே மார்கன்டவுன் மைதானத்தில் பிட்ஸ்பர்க்கைக் கூடுதல் நேரத்தில் 31-24 என்று ஜெயித்தார். அன்று நான் கைதட்டினேன், எனக்கு அந்த அணியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

தோற்ற மூன்றாவது நாளே வேலை போனவர் யாராவது?

மேட் லூக், மிசிசிப்பி. அங்கே ஓல் மிஸ், மிசிசிப்பி ஸ்டேட் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள், வருடா வருடம் ஒரு தங்க முட்டைக் கோப்பைக்கு மோதுவார்கள். லூக் ஓல் மிஸ்ஸில் ஆடிய பழைய மாணவர். 2017-ல் இடைக்காலக் கோச்சாக இருந்து, எதிரணியின் மைதானத்தில் தரவரிசையில் இருந்த மிசிசிப்பி ஸ்டேட்டை 31-28 என்று ஜெயித்தார். அதற்கு அடுத்த சில நாளில் பதவி நிரந்தரமானது. அந்த வெற்றிதான் அவருக்கு வேலை கொடுத்தது என்று சொன்னால் தப்பே இல்லை.

2019, அதே மைதானம், நன்றி தெரிவிக்கும் நாள் இரவு. 21-14 என்று பின்தங்கியிருந்த ஓல் மிஸ், 4 வினாடி இருக்கும்போது டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 6 புள்ளி; அதன் பின் உதைத்தால் கூடுதலாக 1) எடுத்தது. பந்தைப் பிடித்த எலைஜா மூர் சந்தோஷத்தில் நான்கு கால் போட்டுத் தவழ்ந்துபோய், ஒரு காலைத் தூக்கி நாய் சிறுநீர் கழிப்பதுபோல் நடித்துக் காட்டினார். நடுவர் கொடி எறிந்தார். 15 யார்டு அபராதம். வழக்கமாக 20 யார்டு தூரத்திலிருந்து உதைக்கும் கூடுதல் புள்ளியை இப்போது 35 யார்டிலிருந்து உதைக்க வேண்டும். பந்து வெளியே போனது. 21-20.

ஞாயிற்றுக்கிழமை லூக் நீக்கப்பட்டார். 15 வெற்றி 21 தோல்வி என்று அவர் கணக்கு ஏற்கெனவே மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 15 யார்டு இல்லாமல் இருந்திருந்தால் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும், ஜெயித்திருந்தால் இன்னும் ஒரு வருடம் கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, 19 வயதில் யாருக்கும் அப்படி ஒரு நிமிடம் வரும்.

ஜெயித்தும் வேலை போனவர்கள் உண்டா?

உண்டு, அதே ஆட்டத்தில் ஜெயித்த மிசிசிப்பி ஸ்டேட் கோச் ஜோ மூர்ஹெட்! டிசம்பர் 30 அன்று லூயிவில்லிடம் தோற்று, ஜனவரி 3 அன்று வெளியே. அந்தத் தங்க முட்டை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஐந்து வாரம்.

ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எர்ல் புரூஸ். 1987-ல் ஒஹாயோ ஸ்டேட் அவரை மிச்சிகன் ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை நீக்கியது. ஒன்பது வருடத்தில் 80-க்கும் மேற்பட்ட வெற்றி எடுத்த மனிதரை! விளையாட்டுத் துறை இயக்குநர் ரிக் பே, பல்கலைக்கழகத் தலைவரின் இந்த முடிவை எதிர்த்துத் தன் பதவியையே ராஜினாமா செய்தார். கடைசியாக ஒரு ஆட்டம் புரூஸ் பொறுப்பில் இருந்தது, மிச்சிகனின் ஊரில். வீரர்கள் எல்லோரும் நெற்றியில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள், அதில் "எர்ல்" என்று எழுதியிருந்தது. 13-0 என்று பின்தங்கி, 23-20 என்று ஜெயித்தார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முடிவு மாறவில்லை.

மெதுவாக, வருடக்கணக்கில் அவகாசம் தீர்ந்துபோனவர்?

புரூஸுக்கு அடுத்து வந்த ஜான் கூப்பர். 13 வருடம், 111 வெற்றி. மிச்சிகனிடம் 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். 1995-லும் 1996-லும் தோல்வியே காணாமல் வந்து மிச்சிகனிடம் விழுந்தார், 1996-ல் சொந்த மைதானத்தில் 13-9. 2001 ஜனவரியில் நீக்கினார்கள். அவருக்கு அடுத்து வந்த ஜிம் ட்ரெஸல் பதவியேற்ற கையோடு ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் நடக்கப்போகும் ஆட்டத்தில் நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்றார். புது கோச் நாள் எண்ணிச் சொல்கிறார் என்றால் அந்த ஊரின் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம். ஜெயித்தும் காட்டினார்.

அப்செட் கொடுக்கும் கோச்சுக்கு என்ன கிடைக்கும்?

மிச்சிகனின் ஜிம் ஹார்பா ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஐந்து முறை ஆடி ஐந்தும் தோற்றவர். 2020-ல் 2 வெற்றி 4 தோல்வி. நிர்வாகம் அவரை அனுப்பவில்லை, சம்பளத்தை ஏறக்குறைய பாதியாக, சுமார் 8 மில்லியனிலிருந்து 4 மில்லியனுக்குக் குறைத்து அவகாசம் கொடுத்தது. அவர் கையெழுத்துப் போட்டார். 2021 நவம்பர் 27 அன்று பனி கொட்டும் ஆன் ஆர்பரில் 42-27, ஹசன் ஹாஸ்கின்ஸ் ஒருவரே 5 டச்டவுன். அந்த சீசனில் வந்த போனஸ் பணத்தை, கொரோனாவில் சம்பளம் வெட்டப்பட்ட ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு எதிரணி கோச்தான், இருந்தாலும் அதற்கு மரியாதை உண்டு. அப்புறம் 2023 சீசனில் தேசியக் கோப்பை, பிறகு தொழில்முறை அணிக்குப் போனார். அதே காலத்தில் எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரமும் உண்டு, அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மை ஆகாது.

ஆபர்ன் பல்கலைக்கழக கோச் கஸ் மல்ஸான் கதை வேறு மாதிரி. 2017-ல் முதலிடத்தில் இருந்த பங்காளி அலபாமாவை 26-14 என்று ஜெயித்தார். வேறொரு பல்கலைக்கழகம் அவரை இழுக்கப் பார்த்தது. பயந்துபோன ஆபர்ன் 7 வருடம், 49 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2020-ல் அவரை நீக்கியபோது அந்த ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியிருந்தது 21.45 மில்லியன். ஒரு சனிக்கிழமை சந்தோஷத்தில் அள்ளிக் கொடுத்த அவகாசத்துக்கு வந்த பில் அது.

அந்த "பைஅவுட்" என்பது என்ன?

ஒப்பந்தம் முடியும் முன் நீக்கினால் கோச்சுக்குத் தர வேண்டிய பணம். கோச்சே விட்டுப்போனால் அவர் தர வேண்டிய தொகையும் அதே பெயரில்தான் வழங்கும். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பச் சம்மதித்த தொகை 75 மில்லியனுக்கும் மேல். இந்த எண்ணைப் பார்க்காமல் "ஏன் இன்னும் நீக்கவில்லை" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

முடிவு எடுப்பது யார்?

காகிதத்தில் விளையாட்டுத் துறை இயக்குநரும் பல்கலைக்கழகத் தலைவரும். நடைமுறையில், அந்தப் பைஅவுட் காசோலையை எழுதக்கூடிய நாலைந்து பெரிய நன்கொடையாளர்கள் சரி என்றால்தான் நடக்கும். ரசிகர்கள் கத்துவது அவர்கள் காதுக்குப் போகும், அவ்வளவுதான்.

ஏன் எல்லாமே நவம்பர் கடைசியில் நடக்கிறது?

பெரும்பாலான பங்காளி ஆட்டங்கள் சீசனின் கடைசி வாரத்தில். டிசம்பர் தொடக்கத்தில் பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று கையெழுத்துப் போடுவார்கள், அதற்குள் புது கோச் வேண்டும். சனிக்கிழமை தோல்வி, ஞாயிற்றுக்கிழமை நீக்கம் என்பது அதனால்தான். செப்டம்பரில் இதே தோல்வி வந்திருந்தால் ஈடுகட்டப் பத்து ஆட்டம் இருக்கும்.

இத்தனை கோடி வாங்குபவர் பேச்சும் வாங்கத்தானே வேண்டும்?

ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், நடுவில் ஓடியதைப் பற்றி நானே மேலே எவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் ரயன் டே சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். 2024 ஆட்டத்துக்கு முந்தைய வாரம், அந்த இழப்பையும் இன்னும் சிலவற்றையும் தவிர்த்தால், மிச்சிகனிடம் தோற்றதுதான் தன் குடும்பத்துக்கு நடந்த மிக மோசமான விஷயம் என்ற பொருளில் பேசினார். ஒரு மனிதர் ஒரு ஆட்டத்தை அந்த இடத்தில் வைத்துப் பேசும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அன்றைக்குப் பதறியது. அவருடைய பிள்ளைகள் அதே ஊரில் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த எல்லையைத் தாண்டுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

தேசியக் கோப்பையே வாங்கிவிட்டார்களே, மிச்சிகன் தோல்வி அத்தோடு மறந்துபோனதா?

இல்லை. 2021-ல் ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்த பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் சாயர், கொலம்பஸுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர். டெக்சஸ் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்து வைத்தது அவர்தான். மிச்சிகன்காரர்கள் நட வந்த கொடியைப் பிடுங்கி எறிந்ததும் அவர்தான். அவரும் அவரோடு சேர்ந்த எமெகா எக்புகா, ட்ரவியன் ஹெண்டர்சன் எல்லோரும் நாலு வருடம் ஆடினார்கள், தேசியச் சாம்பியன் மோதிரம் வாங்கினார்கள், தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். தங்கக் காற்சட்டை அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட் 27-9 என்று ஜெயித்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பதக்கத்துக்கு மறுபடி வழி பிறந்தது, அது அந்த வருட அணிக்கு மட்டும்.